வீதி கொடுத்த இமைப்பு

கம்ப்யூட்டருக்குள் பேய் இருக்கிறது, தெய்வம் இருக்கிறது என்று சொல்கிறவர்களை நான் கடைப்படி ஏறவிட மாட்டேன். ஆபீஸ்களில் கழித்துப் போட்ட கம்ப்யூட்டர்களை ஏலத்தில் மொத்தமாக எடுத்து, தூசு தட்டி, ராம் மாற்றி விற்று இருபத்திரண்டு வருஷமாகப் பிழைக்கிறவள் நான், அதற்குள் என்ன இருக்கிறதென்று எனக்குத் தெரியும்: பல்லி முட்டை இருக்கும், யாரோ தின்ற முறுக்குத் தூள் இருக்கும், ஒரு தடவை ஒற்றைக் கொலுசு இருந்தது. அதனால் நாமக்கல்லில் எங்கள் லாரிப் பட்டறை வீதியில் நடந்ததை அதிசயம் என்று யாராவது சொல்ல வந்தால் அவர்கள் வேறு கடைக்குப் போகலாம். அது ஒரு கொடுக்கல் வாங்கல், அவ்வளவுதான்.

என் பெயர் பாவாயி. அப்பன் மாட்டுச் சந்தைத் தரகர். ஆறாவதோடு பள்ளிக்கூடம் என்னை விட்டது, அதற்கப்புறம் சந்தை பிடித்துக்கொண்டது. எனக்குக் கோபம் அதிகம் என்று ஊரில் சொல்வார்கள், சொல்லட்டும், கோபப்படாமல் வாங்கிய மாடு ஒன்றுகூட ஒழுங்காகக் கறந்ததில்லை.

வையாபுரியண்ணன் என்னிடம் ஒரு பழைய மெஷின் வாங்கியிருந்தார். இருபத்தாறு வருஷம் தனியார் பஸ்ஸைக் கொல்லிமலைக்கு ஓட்டியவர், காரவள்ளி அடிவாரத்திலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவையும் மழையிலும் மூடுபனியிலும் பலாப்பழ மூட்டையோடும் பிரசவ வலியோடும் ஏற்றி இறக்கியவர், மலையில் ஒரு கீறல் படாத அந்த மனிதர் போன வருஷம் பஸ் ஸ்டாண்ட் கழிப்பறைப் படியில் வழுக்கி இடது முட்டி நொறுங்கி, கிளட்ச் மிதிக்கக் கால் இல்லாமல் வீட்டில் உட்கார்ந்துவிட்டார். காலுக்குத்தானே கேடு, விரல் பத்தும் இருக்கிறதே என்று கீபோர்டில் பஸ் ஓட்டும் கேம் ஆட ஆரம்பித்தார். அந்தக் கேமைச் செய்த கோயமுத்தூர் கம்பெனி கொல்லிமலை ரோட்டை அப்படியே அதற்குள் கட்டி வைத்திருந்தது. பஸ் எந்த வளைவில் எப்படிச் சாயும், எங்கே இரண்டாவது கியர், எங்கே ஹாரன் என்று ஓட்டிக் காட்டிச் சொல்ல ஒரு ஆள் வேண்டுமென்று அறிவிப்புப் போட்டது. நிபந்தனை ஒன்றே ஒன்றுதான். கீழிருந்து உச்சிவரை ஒரே ஓட்டமாக, வெட்டாமல் ஒட்டாமல், படம் திக்காமல் பதிவு செய்த வீடியோ வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் போய்ச் சேர வேண்டும். சேராவிட்டால் திங்கட்கிழமையிலிருந்து கோழிப்பண்ணை வாசலில் காவல் வேலை, அவர் மச்சான் ஏற்பாடு செய்திருந்தது.

"கேட்டுக் கம்பியைத் தூக்கிவிட்டு இறக்கிவிடணும் அம்மிணி," என்றார் என் கடை ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு. "எழுபது வளைவுல ஐம்பத்தஞ்சு உசுரைத் தூக்கின கை. இனிக் கம்பி தூக்கும்."

"கம்பியும் வேண்டாம் கும்பியும் வேண்டாம். நான் வித்த மெஷின்ல ஆகலைன்னு நாளைக்கு ஒருத்தன் சொன்னான்னா நான் போர்டைக் கழட்டோணும். கொண்டாங்க இங்க."

மெஷின் கடைக்கு வந்தது. ரெண்டு கோர் புராசசர், நாலு ஜிபி ராம், தனியாகக் கிராபிக்ஸ் கார்டு கிடையாது. கேமை மட்டும் ஓட்டினால் எண்ணெய் மாதிரி ஓடும். ரெக்கார்ட் பொத்தானை அழுத்தின நொடியில் பஸ் இருமும், மலை விக்கும், ஒரு வளைவில் உள்ளே போன பஸ் நடுவில் எங்கேயும் இல்லாமல் அடுத்த வளைவில் வெளியே வரும். தப்பு மெஷின் மேல் இல்லை. ஒரே பொம்பளை ஒரு கையில் மாவாட்டி மறு கையில் தோசையும் ஊற்றினால் தோசை எப்படி இருக்கும், அப்படித்தான் இருந்தது. கேமில் நிழலை எடுத்தேன், மரத்தில் பாதி இலையை எடுத்தேன், படத்தின் அளவைச் சுருக்கினேன், நொடிக்கு அறுபது படம் என்றிருந்ததை முப்பதாக்கினேன், பின்னால் ஒளிந்து ஓடிய புரோகிராம்களையெல்லாம் ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்து மூடினேன், ஹார்ட் டிஸ்கைக் கழற்றி எஸ்.எஸ்.டி. போட்டேன், பக்கவாட்டு மூடியைத் திறந்து டேபிள் ஃபேனை நேராக வைத்தேன். திக்கு குறைந்தது, நிற்கவில்லை. செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு எனக்கு ஆத்திரம் தலைக்கேறி, மெஷின் மண்டையில் ஒரு தட்டுத் தட்டி, "உனக்குப் பத்தலைன்னா எங்கிருந்தாவது எடுத்துக்க, எடுத்துக்கிட்டாவது ஓடு," என்று கத்திவிட்டு ரெக்கார்டை அழுத்தினேன்.

அது எடுத்துக்கொண்டது.

திரையில் பஸ் வழுக்கிக்கொண்டு ஏறியது, ஒரு விக்கல் இல்லை. வெளியே வீதி திக்கியது. எதிரே டீக்கடையில் காதர் மொய்தீன் பாய் ஆற்றிய டீ மேலே இருந்த கிளாஸிலிருந்து கிளம்பி நடுவே காணாமல் போய்க் கீழ்க் கிளாஸில் நுரையோடு உட்கார்ந்திருந்தது. பட்டறையில் வெல்டிங் பொறி பாதிக்குப் பாதி உதிர்ந்தது. மாவு மில்லுக்கு முன்னால் சைக்கிளில் வந்த ஆள் புளியமரத்துக்கு இந்தப் பக்கம் இருந்தார், அந்தப் பக்கம் இருந்தார், மரத்தைத் தாண்டின நேரம் மட்டும் அவரிடம் இல்லை. நான் பொத்தானை நிறுத்தினேன், வீதி சரியாகிவிட்டது. அழுத்தினேன், திக்கியது. நாலு தடவை பார்த்துவிட்டு, திரையில் ஒரு படம் மாறுகிற நேரம், அந்த இமைப்பு, மெஷினுக்கு எவ்வளவு குறைகிறதோ அவ்வளவும் வீதியிலிருந்து போகிறது என்று தெரிந்துகொண்டு, வையாபுரியண்ணனுக்கு ஒரு டீ சொன்னேன்.

வீதியில் யாரும் மயங்கி விழவில்லை, பூசாரியைக் கூப்பிடவில்லை. நேராக என்னிடம் சண்டைக்கு வந்தார்கள். லாரிக்குப் பாடி கட்டுகிற வீதியில் எது குறைந்தாலும் முதலில் யார் எடுத்தது என்றுதான் கேட்பார்கள். முதலில் வந்தவர் சலூன் நாகராஜு.

"அக்கா, கழுத்துல கத்தி வச்சிருக்கறப்ப நடுவுல எனக்கு நேரம் இல்லைன்னா எவன் பொறுப்பு?"

"கழுத்துல கத்தி வக்கறவன் நீ, பொறுப்பு நானா? பதினோரு மணிக்குக் கத்தரிக்கோலை எடு, கத்தியை வை."

ஆனால் மறுநாளே அவர் மெதுவாக வந்து, முடி எடுக்கும்போது வீதியையே தூக்கிக்கொண்டு அலறும் ஒரு பிள்ளைக்கு அலறலில் பாதி இல்லாமல் போனதால் இருபது வருஷத்தில் முதல் தடவையாக இரண்டு கிருதாவும் ஒரே அளவில் வந்ததாகச் சொல்லிவிட்டுப் போனார். மாவு மில் பூவாத்தாக்கா மிளகாய் அரைக்கும்போது தும்மல் வருகிறது, வந்து முடிந்தும் விடுகிறது, நடுவிலுள்ள அவஸ்தை மட்டும் இல்லை என்றார். பட்டறையில் அடித்துக்கொள்ளக் கை ஓங்கின ரெண்டு பேர் கை இறங்கினதைப் பார்த்தார்களே தவிர அடி எங்கே விழுந்தது என்று இருவருக்கும் தெரியாமல், வெட்கப்பட்டு, ஒரே பீடியைப் பாதிப் பாதியாகக் குடித்தார்கள். ரெண்டே நாளில் வீதிக்கு அது பழகிவிட்டது. வெளியூர் லாரிக்காரர்கள் கேட்டால், "பாவாயி கடையில ரெக்கார்டிங் ஓடுது, ஓரமா நில்லுங்க," என்று சொல்லுகிற அளவுக்குப் பழகிவிட்டது.

ஆனால் வெறும் சோதனைக்கு இரண்டு நிமிடம் திக்குவது வேறு, எழுபது வளைவுக்கு ஐம்பது நிமிடம் திக்குவது வேறு. தூங்குகிறபோது எடுத்துக்கொள் என்று ஒரு யோசனை சொன்னார்கள், அப்படியும் அழுத்திப் பார்த்தோம், தூங்குகிறவனிடம் எடுக்க எதுவும் இல்லை, பஸ் பழையபடி விக்கியது. விழித்திருக்கிற நேரத்தின் இமைப்புத்தான் அதற்குச் செல்லும், எங்கள் வீதி விழித்திருப்பதே வேலைக்குத்தான். வேலை நேரத்தில் ஐம்பது நிமிடம் என்றதும் மொய்தீன் பாய் கடையில் கூட்டம் கூடியது.

"கேக்காம எடுத்தா அது திருட்டு," என்றார் பாய்.

"அதான் கேக்க வந்திருக்கேன்."

"கேட்டா நான் குடுக்கணும்னு இருக்கா?"

"குடுக்க வேண்டாம். விலை பேசுங்க."

நான் என் அப்பனின் சந்தைத் துண்டை எடுத்து வந்தேன். எங்கள் பக்கத்து மாட்டுச் சந்தையில் விலையை வாயால் பேச மாட்டார்கள். கொடுக்கிறவர் கையும் தரகர் கையும் துண்டுக்கடியில் போகும், விரலைப் பிடித்தால் அது கணக்கு, வெளியே வாய் என்ன சொன்னாலும் உள்ளே விரல் சொன்னதுதான் விலை, அதைத் தரகர் செத்தாலும் வெளியே சொல்லக்கூடாது. ஒரு நொடிக்கு முப்பது இமைப்பு. ஒரு விரல் பிடித்தால் ஒன்று, கை முழுக்கப் பிடித்தால் ஐந்து, மணிக்கட்டைப் பிடித்தால் மாடும் கயிறும் சேர்த்து, அதாவது எல்லாமும். ஒரே ஆள் எல்லாவற்றையும் கொடுத்தாலே மெஷினுக்குப் போதும், அது எனக்குத் தெரியும், தெரிந்தும் வீதி முழுக்கக் கேட்டேன், ஏனென்றால் ஒருத்தர் தலையில் எல்லாவற்றையும் கட்டுவது வியாபாரம் இல்லை, கொள்ளை. மெஷின் துண்டுப் பேச்சை மதிக்குமா என்று நாகராஜு கேட்டார். விற்ற மாடு புது எஜமான் பின்னால் போகிறதே, அதற்கு யார் சொன்னது?

வியாழக்கிழமை பூராவும் பேரம். வீதியே வேடிக்கை பார்க்க, ஒவ்வொருத்தரும் என்னைக் கிழித்தார்கள்.

"ஒண்ணு. அதுக்கு மேல ஒரு இமைப்பு குடுத்தா நான் மொய்தீன் இல்லை," என்று பாய் கூட்டத்தைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார். துண்டுக்கடியில் அவர் கை என் விரல்களைத் தாண்டி வந்து மணிக்கட்டைப் பிடித்தது.

நான் முகத்தை அசைக்கவில்லை. முப்பது வருஷத்தில் என் மணிக்கட்டை ஒருவரும் பிடித்ததில்லை.

பூவாத்தாக்கா, "இந்த வையாபுரி பஸ்ஸுல ஒருதரம் போய்க் குடலே வெளிய வந்துச்சு, இவனுக்கு நான் எதுக்குக் குடுக்கோணும், போனாப் போகுது ஒண்ணு," என்று திட்டிக்கொண்டே மணிக்கட்டைப் பிடித்தார். நாகராஜு, "அரை," என்றார், கூட்டம் சிரித்தது, அவர் சோப்பு மணக்கிற கையும் மணிக்கட்டுக்குத்தான் வந்தது. மில்லும் சலூனும் பட்டறையும் பெயின்ட் கடையும் பஞ்சர் கடையும், நாற்பத்தொரு பேர், வாயில் ஒன்று, துண்டுக்குள் எல்லாமும். மற்றவர்கள் கஞ்சர்கள், நாம் கொடுத்தால்தான் ஆகும் என்று ஒவ்வொருத்தருக்கும் எண்ணம். சாயங்காலம் என் கை சிவந்து போயிருந்தது. எனக்கு ஆத்திரமான ஆத்திரம். இப்படிக் கொடுக்கிறவர்களிடம் பேரம் பேசி என்ன புண்ணியம்? ஆனால் வெளியே சொல்ல முடியாது, துண்டின் சட்டம்.

அங்கேதான் அந்தத் தப்பு நடந்தது. ஒவ்வொருத்தரும் தான் மட்டுமே முழுசாகக் கொடுத்ததாகவும் பக்கத்துக் கடைக்காரர் பேருக்கு ஒன்று கொடுத்துவிட்டு விழித்திருப்பார் என்றும் நம்பினதால், அடுப்பை அணைக்காமல், மோட்டாரை நிறுத்தாமல், ஒருத்தரையொருத்தர் நம்பிக்கொண்டு நின்றார்கள்.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு அழுத்தினேன். வீதி நின்றது. திக்கவில்லை, நின்றே போனது. பாய் தூக்கின கை தூக்கினபடி, வெல்டிங் பொறி தங்கச் சரமாகத் தொங்கினபடி, காக்கா கம்பிக்கும் ஓட்டுக்கும் நடுவே விரித்த சிறகோடு. மனிதர்கள் கொடுத்தார்கள், காக்காயும் பொறியும் அவர்களோடு சேர்ந்துகொண்டன, ஆனால் அடுப்பு கொடுக்கவில்லை, பால் கொடுக்கவில்லை, மில் மோட்டாரைக் கேட்க எனக்குத் தோன்றவில்லை. பால் பொங்க ஆரம்பித்தது.

"அண்ணா, நீங்க ஓட்டுங்க," என்று சொல்லிவிட்டு ஓடினேன். பாய் அடுப்பை அணைத்தேன். மில்லில் கல் வெறுமனே உரசிப் புகைந்தது, மெயினை இழுத்தேன். வெல்டிங் செட்டை நிறுத்தினேன். நாகராஜு கையிலிருந்த கத்தியை ஒருத்தர் தாடைக்குக் கீழிருந்து எடுத்து மடக்கினேன். ஒவ்வொரு வீடாக ஏறி உலையை இறக்கி, குக்கரைத் தூக்கி, தண்ணீர்க் குழாயை மூடி, வாயில் வந்த கெட்ட வார்த்தையெல்லாம் சொல்லிக்கொண்டு, கேட்க ஆளில்லாத வீதியில் நாற்பத்தொரு பேரையும் பேர் பேராகத் திட்டிக்கொண்டு ஓடினேன். சில்லறைத்தனமாகக் கொடுத்திருந்தால் எனக்கு இந்த வேலை இல்லை.

மூச்சு வாங்கத் திரும்பி வந்தபோது பஸ் நாற்பத்தாறாவது வளைவில் ஓரமாக நின்றிருந்தது.

"ஏனுங்க நின்னுட்டீங்க?"

"பூவாத்தாவுக்கு வாந்தி," என்றார் அவர், திரையிலிருந்து கண்ணெடுக்காமல்.

பார்த்தேன். கேமில் அந்த பஸ்ஸுக்குப் பயணிகளே கிடையாது, சீட்டெல்லாம் காலியாகத்தான் வரும். இப்போது உள்ளே கண்ணாடியில் நாற்பது தலை தெரிந்தது. மூன்றாவது சீட்டில் பாய், கை இன்னும் டீ ஆற்றுகிற வாக்கில். பின்னால் பட்டறைக்காரர்கள். ஜன்னலோரம் நாகராஜு, வாயைத் திறந்து மலையைப் பார்த்துக்கொண்டு. முன்படிக்கட்டுக்கு வெளியே, தலையெல்லாம் மாவோடு, ரோட்டோரச் சுவரைப் பிடித்துக் குனிந்திருந்தார் பூவாத்தாக்கா. கொடுத்த இமைப்பு எங்கே போகிறது என்று எனக்கு அப்போது விளங்கியது. வையாபுரியண்ணனுக்கு முதல் வளைவிலேயே விளங்கியிருக்கிறது, ஆள் ஏறினால் பஸ்ஸின் கனம் டிரைவருக்குத் தெரியாதா.

"ஐம்பது நிமிஷத்துக்குத்தான் பேச்சு," என்று கத்தினேன். "வெட்டாத வீடியோ வேணும், நேரம் ஓடுது, கிளப்புங்க."

"அம்மிணி, நேரம் பார்த்து ஓட்டறது கேம். ஆளை ஏத்திட்டு நேரம் பார்த்து ஓட்டுனா அது கொலை." அவர் ஏழு நிமிடம் நின்றார். பூவாத்தாக்கா வாயைத் துடைத்துக்கொண்டு ஏறின பிறகுதான் முதல் கியர் போட்டார், அப்புறமும் வளைவுகளில் பாலைத் தூக்கிப் போகிறவர் மாதிரி ஓட்டினார்.

அறுபத்தாறாவது வளைவில் ஐம்பது நிமிடம் முடிந்தது. பேசின பேச்சு பேச்சு. வெளியே காக்கா ஓட்டில் உட்கார்ந்தது, பாய் டீயை ஆற்றினார், வீதி அசைந்தது. திரையில் பஸ் காலியானது, மலை விக்கப் பார்த்தது. இன்னும் நாலு வளைவு. அவர் விரல் ஒன்று கம்பியைத் தூக்குகிற மாதிரி லேசாக உயர்ந்து நின்றது.

தரகர் தன் கையைத் தானே பிடிக்கக்கூடாது என்பது சந்தை வழக்கம், பிடித்தவனை என் அப்பன் சந்தைக்குள் விடமாட்டார். நான் துண்டை மேலே போட்டு, வலது கையால் இடது மணிக்கட்டைப் பிடித்தேன்.

முன் சீட்டில் உட்கார்ந்திருந்தேன். பஸ்ஸில் வேறு யாரும் இல்லை. ஜன்னல் வழியாக வந்த காற்றில் மிளகும் பழுத்த பலாவும் மணந்தன, கீழே நாங்கள் ஏறி வந்த ரோடு கழற்றிப் போட்ட சேலை மாதிரிக் கிடந்தது. முன்னால் வையாபுரியண்ணன் முதுகு. இடது கால் கிளட்சை அமுக்கியது, விட்டது, அமுக்கியது.

"டிக்கெட் எடுத்தாச்சா அம்மிணி?"

"போங்கண்ணா, பேசாம ஓட்டுங்க."

அறுபத்தேழு. அறுபத்தெட்டு. என் வாழ்க்கையில் எதற்கும் விலை கேட்காமல் நான் இருந்தது அந்த நாலு வளைவு மட்டும்தான்.

உச்சியில் நிறுத்தி, அவரே பதிவை நிறுத்தி, வீடியோவை அனுப்பினார். நான் கண் திறந்தபோது கடை ஸ்டூலில் இருந்தேன், செருப்பில் செம்மண் இருந்தது.

வீதியில் பால் பொங்கவில்லை, சோறு அடிப்பிடிக்கவில்லை. பக்கத்து ஆள் பார்த்துக்கொண்டதாக எல்லோரும் பக்கத்து ஆளைப் பாராட்டினார்கள். நான் செருப்பிலிருந்த செம்மண்ணைத் தட்டினேன். சனிக்கிழமை காலையில் பாய் கடையில் அந்த வீடியோவைப் போட்டுப் பார்த்தபோதுதான் வந்தது வினை. கனவென்று அவரவர் மனசுக்குள் வைத்திருந்த அந்த பஸ் நிறைய எல்லோரும் இருந்தார்கள். ஒரு இமைப்பு கொடுத்தவன் ஒரு இமைப்புத்தானே தெரிவான்? இவர்கள் எழுபதில் அறுபத்தாறு வளைவும் உட்கார்ந்திருந்தார்கள், இடம் மாறி உட்கார்ந்தார்கள், வேர்க்கடலை தின்றார்கள். யார் முகத்தையும் யாரும் பார்க்கவில்லை. ஊருக்கு முன்னால் அரை இமைப்பு என்று சொன்ன நாகராஜு எழுந்துபோய்ச் சும்மா கிடந்த சீப்பைக் கழுவினார்.

"நீயும் முழுசாவா?" என்று பூவாத்தாக்கா பாயைக் கேட்டார்.

"நீ மட்டும் என்ன?"

"நான் வாந்தி எடுக்கப் போனேன்," என்றார் பூவாத்தாக்கா.

ஞாயிற்றுக்கிழமை கம்பெனியிலிருந்து பதில் வந்தது. வேலை வையாபுரி அவர்களுக்குத்தான், வளைவில் பயணிகள் சாய்கிற சாய்ப்பு எங்கள் கேமிலேயே இல்லை, அதை எப்படிச் செய்தீர்கள் என்று நேரில் கேட்டுக்கொள்கிறோம், அதற்கு முன்னால் ஒரு சந்தேகம், நாற்பத்தாறாவது வளைவில் இறங்கிய அந்த அம்மாவுக்கு இப்போது உடம்பு தேவலையா என்று எழுதியிருந்தார்கள். வையாபுரியண்ணன் அதைச் சத்தமாக மூன்று தடவை படித்தார். திங்கட்கிழமை கோழிப்பண்ணை வாசலில் மச்சான் தனியாகக் காத்திருந்துவிட்டுத் தானே கம்பியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்.

அடுத்த வாரம் கம்பெனி ஒரு புது மெஷின் அனுப்பியது. எட்டு கோர், தனி கிராபிக்ஸ் கார்டு, உள்ளே கல்யாண வீட்டு விளக்கு. ஓட்டிக்கொண்டே பதிவு செய்தாலும் தன் பலத்திலேயே நிற்கிற சாமான். இனி வீதி யாருக்கும் எதுவும் கொடுக்க வேண்டாம் என்று நல்ல செய்தியாகச் சொன்னேன். அன்றைக்குத்தான் வீதி நிஜமாகக் கோபித்துக்கொண்டது.

"அப்ப எங்க நேரம் உங்களுக்கு ஆகாதா?" என்றார் பாய்.

"ஆகாதுன்னு யார் சொன்னா? தேவை இல்லைன்னு..."

"நான் அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்துட்டேன் அக்கா, அருவியைப் பார்க்கவே இல்லை," என்றார் நாகராஜு, பறிகொடுத்தவர் குரலில்.

மறுபடி துண்டை விரித்தேன். இந்தத் தடவை இரண்டு நாள் பிடித்தது, தொண்டை கட்டியது, நான் யாரை என்ன திட்டினேன் என்பதைக் கேட்டவர்கள் இன்னும் சொல்லிக்காட்டுகிறார்கள். முடிவில், வார நாளெல்லாம் கம்பெனி வேலை புது மெஷினில், ஞாயிறு பகல் பத்து மணிக்குப் பழைய மெஷினில் ஒரு டிரிப் என்று முடிந்தது. அடுப்பை அணைத்துவிட்டு வருவது அவரவர் பொறுப்பு, ஜன்னல் சீட் முறை வைத்து.

அந்த ஞாயிறு ஒன்பதரைக்கே என் கடை வாசலில் ஸ்டூலும் மாவு மூட்டையும் டயருமாகப் போட்டு நாற்பத்தொரு பேர் வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள். பாய் ஃபிளாஸ்கில் டீ வைத்திருந்தார். பூவாத்தாக்கா ஒரு எலுமிச்சம்பழத்தை மூக்கருகில் பிடித்து, முன்கூட்டியே கண்ணை மூடிக்கொண்டிருந்தார். உள்ளே வையாபுரியண்ணன் விரல்களைச் சொடக்கெடுத்துக் கீபோர்டில் வைத்தார்.

"எல்லாரும் ஏறியாச்சா?" என்று கேட்டேன்.

"நீ ஏறுனியா முதல்ல?" என்றார் பூவாத்தாக்கா, கண்ணைத் திறக்காமல். "கண்டக்டர் இல்லாம எந்த பஸ் கிளம்புது?"

நான் பொத்தானை அழுத்தி, "போலாம் ரைட்," என்றேன்.